இரண்டாம் மாடியில் படித்த ஆங்கிலம்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள் நான். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறினேன். நான்கு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். யாருக்கும் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதவில்லை. ஒரு மூன்று வாரம் அந்த இலக்கணத்தை நம்பி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்காக எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில், இரண்டாம் மாடி காட்டன் புடவைப் பிரிவில் எனக்கு வேலை. பதினெட்டு வருடமாக அதே மாடிதான். வயது நாற்பத்தாறு ஆன பிறகும் கடைக்கு நான் சேல்ஸ் கேர்ள். ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம், கலைந்து கிடந்த புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"இந்த ஃப்ளோர்ல பாதிய எடுக்கறாங்க. வீடியோ கவுன்டர் வருது. ஃபாரின்ல இருக்கறவங்க போன்லயே புடவை பாத்து வாங்குவாங்க. அதுக்கு நாலு பேர் வேணும். இங்கிலீஷ் பேசணும்."

"மீதிப் பேரு சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மீதிப் பேரு புது பிராஞ்ச். வண்டலூர் தாண்டி. கடை வேன் வரும். நைட்டு ஒன்பது வரைக்கும் டூட்டி."

என் பக்கத்தில் நின்றவள் நொச்சிக்குப்பத்துக்காரி, பிளவுஸ் பிட் கவுன்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "வண்டலூராண்ட இன்னா சார் கீது? புலிக்கு பொடவ விக்கணுமா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் ஆறு மணி என்ற ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு மகள். பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுடைய மனவளர்ச்சி வேறு மாதிரி. பகலில் அடையாறில் அவளைப் போன்றவர்களுக்கான ஒரு பள்ளியில் இருப்பாள். மாலை ஆறு மணிக்கு கேட்டைத் திறப்பார்கள். கேட் திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். ஒருமுறை பஸ் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொண்டு நான் தாமதமாகப் போனபோது, மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் கணவர் கல்யாண மண்டபங்களுக்குச் சமையலுக்குப் போகிறவர். முகூர்த்த மாதத்தில் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. என் அக்காவும் தம்பியும் முன்பு சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தார்கள். ஆற்றோர வீடுகளைக் காலி செய்து அவர்களை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அவசரத்துக்கு ஓடிவர யாரும் கிடையாது.

பழைய சூப்பர்வைசரிடம் ஒருமுறை மட்டும், வீட்டில் கொஞ்சம் கஷ்டம் சார் என்று சொல்லிக் காலை ஷிப்ட் வாங்கியிருந்தேன். ஐந்து மணிக்கு முடியும். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. மகளைப் பற்றிக் கடையில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் எல்லாரும் பாவம் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையோடு பதினெட்டு வருடம் நிற்க முடியாது. வண்டலூர் தாண்டி ஒன்பது மணி வரை டூட்டி என்றால், எனக்கு வேலை இல்லை என்றுதான் பொருள்.

மறு வாரத்திலிருந்து தினமும் காலையில், கடை திறப்பதற்கு முன், வகுப்பு. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஸ்டமருக்குப் புடவை காட்டுவோமே, அதே மெத்தையில் எங்களை உட்கார வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மயிலாப்பூர்ப் பெண். நாங்கள் எல்லாரும் அவளை மிஸ் என்று கூப்பிட்டோம். வெள்ளைப் பலகையைப் புடவை ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, நீளமாக ஒரு கோடு போட்டாள். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. அது இப்போது. இடது பக்கம் போனது, வலது பக்கம் வரப்போவது.

"ஐ ஈட்" தெரியும். "ஐ ஏட்" தெரியும். நான்காம் நாள் "ஐ ஹேவ் ஈட்டன்" வந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

பள்ளியில் எங்களுக்கு ஹேவ் என்றால் வைத்திருப்பது. ஐ ஹேவ் எ பென், என்னிடம் பேனா இருக்கிறது. அப்படியென்றால் சாப்பிட்டதை எங்கே வைத்திருக்கிறேன்? எனக்குள் எழுந்த கேள்வியை நொச்சிக்குப்பத்துக்காரி சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

"மிஸ், துன்னா வவுத்துக்குள்ள போச்சு. அப்பால இன்னாத்த வச்சிக்கினு கீறது?"

"வயித்துலதான் வச்சிண்டிருக்கேளே, அதான்!" என்றாள் மிஸ். சொல்லிவிட்டுத் தன் பேச்சு வீட்டுப் பேச்சாக மாறிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க வச்சிண்டு, நாங்க வச்சிக்கினு. அந்த வெள்ளக்காரனுக்கு ஹேவாமா!" என்றாள் நொச்சிக்குப்பத்துக்காரி.

அன்று வகுப்பு சிரிப்பிலேயே முடிந்தது. எனக்கு மட்டும் பயம் கூடியது. புரியாத ஒன்றை மனப்பாடம் செய்தால் கூட்டத்தின் நடுவில் அது என்னைக் கைவிட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

புரிந்தது ஒரு மத்தியானம், கவுன்டரில். ஒரு அம்மா பத்துப் பதினைந்து புடவைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போனார். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் மெத்தையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இவ்ளோ பிரிச்சு வச்சிருக்க?" என்றார். நான் மடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன். பிரித்தேன் என்றால் ஒரு வேலை செய்தேன், முடிந்துபோயிற்று. பிரித்து வைத்திருக்கிறேன் என்றால், பிரித்த வேலை முடிந்தும் புடவை இங்கே கண் முன்னால் கிடக்கிறது. அதை ஏதாவது செய்தாக வேண்டும். மிஸ் கோட்டில் இடது பக்கத்திலிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு அம்பு இழுத்தாளே, அந்த அம்பு இதுதான். வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், மடித்திருக்கிறேன். நாமும் எதையோ இருக்க வைத்துத்தான் பேசுகிறோம். அவர்கள் வைத்திருக்கிறார்கள், நமக்கு இருக்கிறது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று புடவைகளை மடிக்கும்போது என் கைக்கு ஒரு தெம்பு வந்தது.

அதன் பிறகும் கஷ்டம் விடவில்லை. போன வருஷம் திருப்பதிக்குப் போயிருக்கேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை ஆங்கிலத்தில் ஹேவ் போட்டுச் சொன்னேன். மிஸ் தலையை ஆட்டினாள். எப்போது என்று சொல்லிவிட்டால் ஹேவ் கூடாதாம். போன வருஷம் என்பது முடிந்துபோன வருஷமாம், கதவைச் சாத்தியாயிற்றாம். எனக்கு அது இன்றுவரை ஒரு வருத்தம்தான். போன வருஷம் போனாலும் மலை ஏறிய காலின் வலி இந்த வருஷமும் இருக்கிறதே.

இன்னொன்று, நெடுநாளாக ஒரு வேலையைச் செய்துகொண்டே இருப்பது. பதினெட்டு வருஷமா நிக்கறேன் என்றால் நமக்குப் போதும். நிற்கிறேன் என்ற ஒரு சொல்லே பதினெட்டு வருடத்தையும் தாங்கும். ஆங்கிலத்தில் தாங்காது. ஹேவ், பீன், ஸ்டாண்டிங் என்று மூன்று சொல் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். "ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் ஹியர் ஃபார் எய்ட்டீன் இயர்ஸ்." மிஸ் என்னை எழுந்து நின்று சொல்லச் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தேன். "அதான்க்கா, கால்ல நரம்பு சுருட்டிக்கினு கீது உனுக்கு" என்றாள் நொச்சிக்குப்பத்துக்காரி. அவளும் அந்த நான்கு இடத்துக்குத்தான் போட்டி போடுகிறாள். ஆனாலும் அவள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மிஸ் கோட்டின் வலது பக்கத்தில், வரப்போகும் காலத்தில், ஒரு பெருக்கல் குறி போட்டாள். "வில் ஹேவ்" என்று எழுதினாள். நாளைக்கு இந்நேரம் முடித்திருப்பேன் என்பது போல. எங்கள் முகங்களைப் பார்த்தாள். உடனே அழித்துவிட்டாள். "இது உங்களுக்கு வேண்டாம். இன்டர்வியூல கேக்க மாட்டாங்க" என்றாள். எல்லாருக்கும் நிம்மதி.

மாலையில் அடையாறுக்குப் போகும் பஸ்ஸில் உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்ப்பேன். இரவில் மகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வேன். அவளுக்குப் பேச்சு அதிகம் வராது. நாம் சொல்வதில் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வாள். "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்றால் "ஃபினிஷ்ட்" என்பாள், அழகாக. என்னைவிட அவளுக்கு உச்சரிப்பு நன்றாக வந்தது.

தேர்வு நாள் வந்தது. காலை பதினொரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வர வேண்டும். பதினொன்று ஆயிற்று, வரவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று, வரவில்லை. வேறு பிராஞ்சில் மாட்டிக்கொண்டார் என்றார்கள். நாலு மணிக்கு வந்தார். மேல்மாடி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் எங்களை உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எதிரே சுவரில் கடிகாரம். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வந்ததும் செல்போனைக் கீழே செக்யூரிட்டியிடம் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். டூட்டி முடிந்து இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அதனால் பள்ளிக்கு ஒரு போன் செய்யக்கூட வழியில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள்.

"போய்க்கினே கீதுக்கா முள்ளு," என்றாள் நொச்சிக்குப்பத்துக்காரி. "இன்னாக்கா, வேர்க்குது உனுக்கு? ஏசிலகூட வேர்க்குது!"

"ஒண்ணுமில்லடி."

"எனுக்கு முன்னால உன்னத்தான் கூப்புடுவாங்க. கவலப்படாத. நீதான் நல்லா சொல்ற."

நாலே முக்கால் இருக்கும், என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் மேசைக்கு அந்தப் பக்கம், பக்கத்தில் சூப்பர்வைசர். மேடம் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். முதல் கேள்வி, எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்பது. ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்குப் புரிந்தது. மூன்று சொல்லையும் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் எய்ட்டீன் இயர்ஸ், மேடம்." மேடம் தலையசைத்தார். சூப்பர்வைசர் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த கேள்வி: இதற்கு முன் வீடியோ காலில் புடவை விற்றிருக்கிறீர்களா?

"யெஸ், மேடம். ஐ ஹேவ்."

என் வாயிலிருந்துதான் வந்தது. நான் விற்றதே இல்லை. வீடியோ காலே இரண்டு மூன்று முறைதான் பேசியிருப்பேன், அதுவும் கணவர் வெளியூர்ச் சமையலுக்குப் போனபோது, அவர் கூப்பிட்டு.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. புடவைக் கடையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் இது புரியும். எங்கள் மாடியில் இல்லை என்ற சொல்லே கிடையாது. சேர்ந்த முதல் நாள் பழைய சூப்பர்வைசர் சொன்னது, இவரும் சொல்வது: கஸ்டமர் எதைக் கேட்டாலும் இல்லைன்னு வாயில வரக் கூடாது. மாம்பழக் கலர் கேட்டால், இருக்கு மேடம், உக்காருங்க, இத கொஞ்சம் பாருங்க என்று வேறு மஞ்சளை எடுத்து விரிக்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்ட பெண்ணை அன்று முழுவதும் கீழே ஸ்டாக் அறைக்கு அனுப்பிவிடுவார். பதினெட்டு வருடத்தில் வாய் அப்படியே பழகிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் நல்ல புடவை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்து, இருக்கிறதா என்கிற தொனியில் எதைக் கேட்டாலும், இருக்கு மேடம் என்றுதான் வரும். மிஸ் வேறு, யெஸ் ஐ ஹேவ், யெஸ் ஐ ஹேவ் என்று வரிசையாகச் சொல்ல வைத்திருந்தாள். நோ ஐ ஹேவ்ன்ட் என்பதையும் சொல்ல வைத்தாள்தான். அதைச் சொல்லும்போது எங்கள் எல்லாருக்குமே குரல் இறங்கிவிடும்.

வெளிநாட்டுக் கஸ்டமரைத் தனியாகக் கவனித்திருக்கிறீர்களா? யெஸ் மேடம், ஐ ஹேவ். பணம் கட்டும் லிங்க் அனுப்பியிருக்கிறீர்களா? யெஸ் மேடம், ஐ ஹேவ். திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிகிறது. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், புருவம் மேலே போயிருந்தது.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். தமிழுக்கு மாறினார். "சூப்பர்! அப்ப ட்ரெயினிங்கே வேண்டாமே உங்களுக்கு. லண்டன்லேர்ந்து ஒரு கஸ்டமர் இப்பதான் கால் கேட்டிருக்காங்க, அவங்களுக்கு லஞ்ச் டைம். நீங்களே எடுங்க. நான் பக்கத்துல இருந்து பாக்கறேன்."

எழுந்தேன். வெளியே வந்தபோது கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்தது இரண்டே விஷயம். ஐந்தரைக்குள் நான் பஸ் ஏற வேண்டும். இந்த மேடத்திடம் நான் போக வேண்டும் என்று சொன்னால் அந்த நான்கு இடத்தில் எனக்கு இடமில்லை.

வீடியோ அறை என்பது ஒரு சின்ன அறைதான். வட்டமான விளக்கு, ஸ்டாண்டில் ஒரு பெரிய போன். மேசை மேல் புடவைகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கால் வந்தது. மேடமே தொட்டு எடுத்துக் கொடுத்தார். திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தமிழ் தெரியாதவர், வடக்கே எங்கேயோ பிறந்தவர். நான் வணக்கம் சொன்னேன். ஒரு புடவையைப் பிரித்து முந்தானையை விரித்துப் பிடித்தேன். அந்த அம்மா ஏதோ சொன்னார். இன்னும் விரித்தேன். மறுபடி சொன்னார். என் முகம் மட்டும்தான் தெரிகிறதாம், புடவை தெரியவில்லையாம். போனை எந்தப் பக்கம் திருப்புவது? திரையில் சின்னச் சின்னக் குறிகள். ஒன்றைத் தொட்டேன். அந்த அம்மா மறைந்தார். கால் போய்விட்டது.



"நீங்க இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கேன்னு சொன்னீங்களே?" என்றார் மேடம். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நோ மேடம். ஐ ஹேவ் நாட்."

"அப்புறம் ஏன் யெஸ் சொன்னீங்க?"

சூப்பர்வைசரும் சேர்ந்து கேட்டார். "ஏம்மா, உனக்கு இன்னா ஆச்சு? மூணு தடவ சொன்னியே!"

"வாயில வந்துடுச்சு சார். இல்லன்னு சொல்ல வரல சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "மேடம், அது வந்து, நாங்க பழக்கினதுதான் மேடம். ஃப்ளோர்ல இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு..."

"கஸ்டமர் கிட்ட சரி. என்கிட்டயுமா?" என்றார் மேடம். "பணம் வாங்கற கவுன்டர் இது. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவங்கள எப்படி உக்கார வைக்கறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் தலை குனிந்து, பிரித்த புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். கையை என்ன செய்வது என்று தெரியாததால்தான். அப்போது போன் மறுபடி அடித்தது. அதே அம்மா. "சரி, நான் பிடிக்கறேன். நீங்க காட்டுங்க" என்று மேடம் போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று புடவைகள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. இன்னும் ஒன்று என்றார். கதவின் கண்ணாடி வழியாக வெளியே கடிகாரம் தெரிந்தது. ஐந்தே முக்கால்.

"மேடம், நான் போகணும்" என்றேன்.

மேடம் போனைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு என் பொண்ணு கேட்ல நிப்பா மேடம். அவ சின்னப் பொண்ணு இல்ல, பத்தொன்பது வயசு. ஆனா நான் இல்லன்னா கையக் கடிச்சிக்குவா. ரத்தம் வர வரைக்கும் கடிப்பா. அடையாறு போகணும் மேடம். எனக்கு வேற யாரும் இல்ல மேடம்."

பதினெட்டு வருடமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் வாயைத் திறந்தபடி நின்றார். திரையில் அந்த அம்மா, ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடம் மெதுவாக, "அத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

கீழே டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிப் பார்த்தால் அதில் சார்ஜ் இல்லை. ஆட்டோ பிடித்தேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவைப் பாதி அடைத்திருந்தார்கள். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே."

"பறந்தா போக முடியும்? முன்னால பாருக்கா, பஸ்ஸு நிக்குது, லாரி நிக்குது. சிக்னல் பச்ச உயுந்தாதான்."

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இந்நேரம் கேட்டைத் திறந்திருப்பார்கள். அவள் வெளியே வந்திருப்பாள். நான் நிற்கும் மரத்தடியைப் பார்த்திருப்பாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பியிருப்பார்கள். கையைத் தூக்கியிருப்பாள்.

மிஸ் எழுதி அழித்தாளே, உங்களுக்கு வேண்டாம் என்று, அந்தக் காலத்தில்தான் நான் அப்போது இருந்தேன். வில் ஹேவ். கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் நடந்து முடிந்திருக்கும் என்று வயிற்றுக்குத் தெரிகிறது. இதை யாரும் எனக்குப் பலகையில் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளை வீடு திரும்பாத ஒவ்வொரு நாளும் எல்லா அம்மாவும் இந்தக் காலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அதைப் பர்ஃபெக்ட் என்கிறார்கள். குறையில்லாதது என்று மிஸ் பொருள் சொன்னாள், முழுமையாக முடிந்தது என்றும் சொன்னாள். ஆட்டோவில் உட்கார்ந்து அந்தப் பெயரை நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

கோட்டூர்புரம் பாலத்தில் கொஞ்சம் காற்று. அதற்கு அப்புறம் மறுபடி நெரிசல். பள்ளி இருக்கும் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியபோது விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன.

கேட் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். வராந்தா பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய டீச்சர், அவளுடைய இரண்டு கையையும் தன் மடியில் பிடித்து வைத்திருந்தார். ஒரு மணிக்கட்டில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. என் மகள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்த வழியாகத்தான் வந்தேன் என்பது தெரியாதது போல.

"போன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப்னு வந்துது" என்றார் டீச்சர். "ரத்தம் வரல. பல்லு பட்டிருக்கு, அவ்வளவுதான். நான் புடிச்சிட்டேன். ஆனா தினம் என்னால புடிக்க முடியாதும்மா."

"இனிமே ஆகாது டீச்சர்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

எங்கள் வீடு இருக்கும் மயிலாப்பூருக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக, சிவப்பாக, பல் வரிசை. அவள் கையை என்னிடமிருந்து இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னை வீடியோ அறைக்குப் புடவை எடுத்துக் கொடுக்கவும் மடிக்கவும் போட்டார். பேசும் வேலை நொச்சிக்குப்பத்துக்காரிக்கும் வேறு மூன்று பேருக்கும் கிடைத்தது. தீபாவளி வரைக்கும் ஐந்து மணி ஷிப்ட், அதற்கு அப்புறம் மேடத்தைக் கேட்க வேண்டும் என்றார். ஐந்து மணிக்கு இறங்கினேன். பஸ் உடனே கிடைத்தது.